எட்டுப் பேர், ஒரு மணி நேரம்

உங்கள் வகுப்பில் ஒரு மாணவனுக்குச் சளி பிடிக்கிறது. மூன்றாம் நாள் அவனுக்குப் பக்கத்தில் உட்காருபவன் தும்முகிறான். வாரக் கடைசியில் பாதி வகுப்பு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. வீட்டில் மிளகுக் கஷாயம் வைத்துத் தருகிறார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது. இதே சளி ஆப்பிரிக்காவின் ஒரு மலைக்காட்டுக்குள் போனால் உயிரைப் பறிக்கும் என்றால் நம்புவீர்களா?

2009ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டில் அப்படித்தான் நடந்தது. மனிதர்களுக்குச் சளியும் இருமலும் உண்டாக்கும் ஒரு வைரஸ், மலைக் கொரில்லாக் கூட்டம் ஒன்றில் புகுந்தது. கூட்டத்தில் இருந்த 12 கொரில்லாக்களில் 11 நோயுற்றன. வளர்ந்த பெண் கொரில்லா ஒன்றும் பச்சிளங் குட்டி ஒன்றும் இறந்தன. கொரில்லா நமக்கு மிக நெருங்கிய உறவு. அதனால் நம் நோய்கள் அதற்கு எளிதில் தொற்றுகின்றன. ஆனால் நாம் குழந்தைப் பருவம் முதல் இந்தக் கிருமிகளோடு பழகிவருகிறோம். அந்தப் பழக்கம் அதன் உடலுக்கு இல்லை.

அப்படியானால் மனிதர்கள் அங்கே எதற்குப் போகிறார்கள்? வேடிக்கை பார்க்கத்தான். அந்த வேடிக்கையை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கதையை முழுதும் கேட்ட பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

மலைக் கொரில்லாக்கள் உலகில் இரண்டே இடங்களில் வாழ்கின்றன. ஒன்று, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். மற்றொன்று, உகாண்டாவில் உள்ள பிவிண்டிக் காடு. உலகின் எந்த மிருகக்காட்சிசாலையிலும் இவற்றைக் காண முடியாது. அங்கே நாம் பார்ப்பவை தாழ்நிலக் கொரில்லாக்கள். காடு போனால் இந்த இனமும் போயிற்று என்று பொருள்.

காடு போய்க்கொண்டுதான் இருந்தது. ருவாண்டா சிறிய நாடு. நிலத்துக்குப் பசி அதிகம். 1960களின் இறுதியில் அங்குள்ள எரிமலைப் பூங்காவின் பெரும் பகுதி, பைரெத்ரம் என்ற பூச்செடியைப் பயிரிடுவதற்காக அழிக்கப்பட்டது. சாமந்தி போன்ற அந்தப் பூவிலிருந்து பூச்சிக்கொல்லி எடுப்பார்கள். அடுத்த பத்தாண்டில், எஞ்சிய காட்டிலும் மூன்றில் ஒரு பங்கை மாடு மேய்க்க எடுத்துக்கொள்ளும் திட்டம் வந்தது. அதே சமயம் வேட்டைக்காரர்களின் கண்ணிகளிலும் கொரில்லாக்கள் மாண்டுகொண்டிருந்தன. 1980களின் தொடக்கத்தில் விருங்கா முழுவதிலும் எஞ்சியவை ஏறக்குறைய 250.

அப்போது பில் வெபர், ஏமி வெட்டர் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: மாடு தரும் வருமானத்தைவிடக் கொரில்லா அதிக வருமானம் தரும்; கொரில்லாவைப் பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்குங்கள். 1979இல் அந்தத் திட்டம் தொடங்கியது. அதே மலையில் 1967 முதல் கொரில்லாக்களை ஆராய்ந்துவந்த டையன் ஃபாஸிக்கு இது பிடிக்கவில்லை. கூட்டங்கூட்டமாக மனிதர்கள் வந்தால் கொரில்லாக்களுக்கு நிம்மதி ஏது, நோய் வராதா என்பது அவருடைய அச்சம். 1985இல் அவர் தம் குடிசையிலேயே கொலை செய்யப்பட்டார். அவருடைய அச்சம் பொய்யில்லை என்பதை 2009ஆம் ஆண்டின் சாவுகள் காட்டின. வெபரும் வெட்டரும் போட்ட கணக்கும் பொய்யாகவில்லை. இரு தரப்பிலும் உண்மை இருப்பதுதான் இங்கே சங்கடம்.

கணக்கைப் பாருங்கள். 2019இல் வெளியான எண்ணிக்கையின்படி விருங்காவில் 604, பிவிண்டியில் 459, மொத்தம் 1,063. அதற்கு முந்தைய ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே, அபாயத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்கு இவை மாற்றப்பட்டன. பெருங்குரங்குகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பதாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். இன்னொரு ஆய்வு 1967 முதல் 2008 வரையிலான விவரங்களை அலசியது. விருங்காவில் மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட கூட்டங்கள் ஆண்டுக்கு 4 சதவீதம் பெருகினவாம். பழக்கப்படுத்தாத கூட்டங்களோ மெல்லக் குறைந்துவந்தன!

இதைப் படித்துவிட்டு, "பயணிகள் பார்க்கப் பார்க்கக் கொரில்லா பெருகும்" என்று யாராவது முடிவு கட்டினால் அது தவறு. பழகிய கூட்டத்தின் பின்னால் காவலர்கள் தினமும் நடக்கிறார்கள். கண்ணிகளை அகற்றுகிறார்கள். கால் கண்ணியில் சிக்கினாலோ, கடுமையான நோய் கண்டாலோ கால்நடை மருத்துவர் மலையேறி வந்து காட்டிலேயே சிகிச்சை செய்கிறார். பெருக்கம் இவர்களால் வந்தது. பயணி தருவது இவர்களுடைய சம்பளத்தை.

ருவாண்டாவில் ஒருவர் ஒரு மணி நேரம் கொரில்லாவைப் பார்க்க 2017 முதல் 1,500 டாலர் கட்டணம். ஒரு கூட்டத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர் மட்டுமே பார்க்கலாம். கொள்ளைக் கட்டணம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குறைந்த கட்டணத்தில் நிறையப் பேரை விடுவதைவிட, அதிகக் கட்டணத்தில் சிலரை விடுவது கொரில்லாவின் நுரையீரலுக்கு நல்லது. எனக்குள்ள குறை வேறு. பூங்கா வருமானத்தில் பத்தில் ஒரு பங்குதான் சுற்றியுள்ள மக்களின் நலப் பணிகளுக்குப் போகிறது. காட்டெருமை வந்து உருளைக்கிழங்கை மேய்ந்துவிட்டால் நஷ்டம் அந்த விவசாயிக்கு. உகாண்டாவில் பிவிண்டி 1991இல் தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்த பாட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொரில்லாவுக்கு வீடு கிடைத்தது; இவர்களுக்கு வீடு போயிற்று. இவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பயணிகளை மட்டுமே நம்பி இருப்பதிலும் ஆபத்து உண்டு. 2020இல் கொரோனா நோயால் பூங்காக்கள் மூடப்பட்டன; வருமானம் நின்றது. அந்த ஜூன் மாதத்தில் பிவிண்டியில் ரஃபிகி என்ற தலைவன் கொரில்லா ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தது. கொன்றவன் சிறு மிருகங்களை வேட்டையாட வந்தவன். அவனுக்கு 11 ஆண்டுச் சிறை. பூங்கா மூடப்பட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் வெளிநாட்டு விமானம் வராவிட்டால் காவலரின் சம்பளம் ஆட்டம் காணும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு ஆகாது. அந்த நாட்களுக்கென்று ஒரு நிதி தனியே இருக்க வேண்டும்.

இனி நம் சளிக்கு வருவோம். கொரில்லாவுக்கும் பயணிக்கும் இடையே ஏழு மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பல ஆண்டுக் காலமாக இருந்துவந்த விதி. தும்மலின் திவலைகள் பறக்கும் தூரத்தைக் கருதி வைத்தது. பிவிண்டியில் ஆராய்ச்சியாளர்கள் 53 பயணங்களைக் கூடவே போய்க் கவனித்தார்கள். 52 பயணங்களில் அந்த விதி மீறப்பட்டது! சில சமயம் கொரில்லாக் குட்டியே ஆவலோடு நெருங்கிவந்துவிடுகிறது. அதற்கு விதி தெரியாது. பின்வாங்க வேண்டியவர் பயணி. ஆனால் அவர் கையில் காமிரா இருக்கிறது, நிறையப் பணம் கொடுத்திருக்கிறார், ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களாக இருந்தால் பின்வாங்குவீர்களா? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் இரண்டு கேட்பேன். கொரோனாக் காலத்தில் கட்டாயமான முகக்கவசத்தை ஒருபோதும் கைவிடக் கூடாது. சளியோ இருமலோ இருப்பதாக மலையடிவாரத்தில் ஒருவர் தாமே ஒப்புக்கொண்டால், அவர் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தந்துவிட வேண்டும். பணம் போய்விடும் என்றால் யார்தான் இருமலை ஒப்புக்கொள்வார்கள்? வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள்.

இன்னொரு விதியும் அங்கே உண்டு. பதினைந்து வயது ஆகாதவர்களுக்கு அனுமதி கிடையாது. தட்டம்மை, சளி போன்றவை பிள்ளைகளிடம் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே உங்களில் பலர் பணம் வைத்திருந்தாலும் இப்போது போக முடியாது. இந்த விதியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்களுக்கு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.