வெள்ளாட்டுக்கும் சினை ஊசி வேண்டும்!

விவசாயத் தோழர்களே!

மாட்டாஸ்பத்திரிக்குப் பசுவை ஓட்டிப்போனால் சினை ஊசி போடுகிறார்கள். வெள்ளாட்டைக் கொண்டுபோனால் "கிடாவோட விடுங்க" என்கிறார்கள். நாலு ஆடு வச்சிருக்கிறவன் நல்ல கிடாவுக்கு எங்கே போவான்? ஊருக்கே ஒரு கிடா. தனக்குப் பிறந்த பெட்டையோடயே அது மறுபடி சேருது. விழுகிற குட்டி நோஞ்சான்.

வழி இல்லாமலில்லை. பொலிகிடாவின் விந்தைக் குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. ஆட்டு விந்து நீரிலுள்ள ஒரு நொதி, பாதுகாப்புக்குச் சேர்க்கும் முட்டை மஞ்சள் கருவோடு வினைபுரிந்து உயிரணுவைக் கெடுக்கும். அதனால் கழுவிப் பதப்படுத்தணும். பக்குவம் கூடுதல், அவ்வளவுதான்.

கன்னி, கொடி, சேலம் கருப்பு நம் மண்ணின் இனங்கள். கிடா செத்தாலும் அதன் வித்து நிற்க இதுவே வழி.

ஆடு பருவத்தில் நிற்பது ஒன்று, ஒன்றரை நாள்தான். தவறினால் சுமார் 21 நாள் காத்திருக்கணும். எனவே நாம் கேட்பது:

ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஆட்டு உறைவிந்து!
வற்றாத திரவ நைட்ரஜன்!
பயிற்சி பெற்ற ஆள்!

நைட்ரஜன் வற்றினால் குச்சியில் இருப்பது வெறும் தண்ணி.

ஆடு ஏழையின் பசு. மனு கொடுக்க வாங்க; ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வாங்க!