கறுப்பா, குரோமா?

பிலாயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் புகைப்படக் கலை படிக்கப் போகிறாள், ஃபிலிம் காமிராதான் வேண்டும் என்கிறாள். (டிஜிட்டல் யுகத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் ஃபிலிம் மீது இந்த மோகம். நாம் கைகழுவிவிட்டு வந்த தொல்லையை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.) அப்பாவும் மகளும் டெல்லி சாந்தினி சௌக்கின் காமிராச் சந்தையான கூச்சா சௌத்ரிக்குப் போய் இரண்டு பழைய நிக்கான் எஃப்எம்2 பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று குரோம், இன்னொன்று கறுப்பு. கறுப்புக்கு நாலாயிரம் ரூபாய் அதிகம். ‘இது புரொஃபஷனல் மாடல் சார்’ என்றாராம் கடைக்காரர். மகள் கறுப்பு என்கிறாள், அப்பா குரோம் என்கிறார். ‘உள்ளே ஏதாவது வித்தியாசம் உண்டா? நீங்கள் சொன்னால் கேட்பாள்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நான் சொல்லிக் கேட்பாளா என்பது சந்தேகம். கேள்விக்குப் பதில் மட்டும் சுலபம். வித்தியாசம் கிடையாது. 1982ல் வந்து 2001 வரை தயாரான எஃப்எம்2வில் கறுப்பும் குரோமும் ஒரே எந்திரம்தான். அதே 1/4000 வினாடி ஷட்டர், அதே மீட்டர். பாட்டரி தீர்ந்தால்கூட ஷட்டர் ஓடும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, வயதை. 1984ல் நிக்கான் இதைத் திருத்தி, ஃபிளாஷுடன் ஒத்துப்போகும் வேகத்தை 1/200லிருந்து 1/250க்கு உயர்த்தியது. திருத்திய மாடலின் முதுகில், வரிசை எண்ணுக்கு முன்னால், ஆங்கில ‘என்’ எழுத்து இருக்கும். கடைக்காரர் அதற்கு நாலாயிரம் அதிகம் கேட்டிருந்தால் ஒரு நியாயம் உண்டு.

பிறகு ஏன் கறுப்புக்கு இந்த மவுசு? வேடிக்கை என்னவென்றால், முதலில் வந்தது கறுப்புதான். 1925ல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா, பித்தளை மேல் கறுப்பு எனாமல் பூசியது. 1933ல்தான் லைக்காவுக்கு குரோம் பூச்சு வந்தது. அது உயர்ந்த சமாசாரமாக வந்தது. கார் பம்பரில் தொடங்கி சைக்கிள் ஹாண்டில்பார் வரை எல்லாம் பளபளக்க ஆரம்பித்த காலம். பெயிண்ட்டைவிட குரோம் கடினமானது, கீறினால் சட்டென்று தெரியாது, வியர்வைக்கும் லேசில் மசியாது. அடுத்த முப்பது நாற்பது வருடங்கள் காமிரா என்றால் வெள்ளி நிறம், கறுப்பு என்றால் கேட்டு வாங்குவது என்று ஆனது.

கேட்டு வாங்கியவர்கள் பத்திரிகைக்காரர்கள். பளபளக்கும் காமிரா வெயிலில் ஆளைக் காட்டிக் கொடுக்கும். ரயில் ஜன்னல் வழியாகவோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதையோ படமெடுத்தால் காமிராவே பிரதிபலித்து நடுவில் வந்து உட்காரும். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டு வந்த சிறிது நேரத்தில் அவர் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டு ஓடிய பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸான், தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுவார். 1959ல் வந்த நிக்கான் எஃப் இரண்டு நிறத்திலும் கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் நிருபர்களின் கழுத்தில் கறுப்பு நிக்கான்கள் தொங்கின. கறுப்பு என்றால் தொழில்காரன், குரோம் என்றால் கல்யாண ஆல்பத்துக்குப் படமெடுக்கும் சித்தப்பா என்ற சாதிப் பிரிவினை அப்போது நிலைத்துவிட்டது. சாந்தினி சௌக் கடைக்காரர் விற்பது அந்தப் பழைய பெருமையைத்தான்.

இதற்குமேல் இன்னொரு பைத்தியமும் சேர்ந்துகொண்டது. கறுப்பு பெயிண்ட் நாளாக நாளாகத் தேயும். விரல் படும் இடம், வார் உரசும் மூலை எல்லாம் கரைந்து, உள்ளே பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தை நம் பாட்டிமார் வெட்கப்பட்டுக்கொண்டு ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்தார்கள். காமிரா சேகரிப்பவர்களோ ஈயம் போனதற்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். உழைத்த காமிரா என்று அர்த்தமாம். உழைக்க நேரமில்லாதவர்களுக்காக 2015ல் லைக்கா கம்பெனியே, பாடகர் லென்னி க்ராவிட்ஸின் யோசனைப்படி, தொழிற்சாலையிலேயே பெயிண்ட்டைத் தேய்த்துப் பழசாக்கி 125 காமிராக்களை விற்றது. 2022ல் ஜெர்மனியில் நடந்த ஏலத்தில், லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் வைத்திருந்த காமிரா, கறுப்பு உதிர்ந்து பித்தளை பல்லிளிக்கும் நிலையில், 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் பணத்தில் நூறு கோடிக்கு மேல்.

இவ்வளவு விலை இருந்தால் தில்லுமுல்லு இல்லாமல் இருக்குமா? குரோம் காமிராவைக் கறுப்பாக்குவது ஒரு தனிக் கைத்தொழில். சோவியத் ஸோர்க்கிகளையே லைக்காவாக்கி விற்ற உலகம் இது. பழைய லைக்கா, நிக்கான் எஃப் விஷயத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. தேய்ந்த மூலையில் மஞ்சள் தெரிய வேண்டும். கறுப்புக்கு அடியில் வெள்ளி தெரிந்தால் குரோம் மேல் யாரோ பூசியிருக்கிறார்கள். குரோமை முழுக்கச் சுரண்டிவிட்டுப் பூசிய கெட்டிக்காரரிடம் இந்தச் சோதனை பலிக்காது. தவிர, எல்லாக் கறுப்பும் பெயிண்ட் அல்ல. எழுபதுகளில் லைக்கா கறுப்பு குரோமுக்கு மாறியது. அது லேசில் தேயாது. எல்லா வெள்ளியும் உலோகம் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 1976ல் வந்து சக்கைப்போடு போட்ட கேனன் ஏஇ-1ன் தலையில் மின்னுவது, பிளாஸ்டிக் மேல் பூசிய குரோம்.

அப்பாவின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அது வெயில். 1962ல் வால்ட்டர் ஷிர்ரா விண்வெளிக்குக் கொண்டுபோன ஹாசல்பிளாட் காமிராவுக்கு நாஸாக்காரர்கள் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிக்கக் கூடாது என்பதற்காக. 1969ல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியபோது கையில் இருந்த ஹாசல்பிளாட் வெள்ளி நிறம். அங்கே கவலை பிரதிபலிப்பு அல்ல, சூடு. கேனன் தன் பெரிய டெலி லென்ஸ்களுக்கு வெள்ளை அடிப்பதும் இதே காரணத்துக்காக. கிரிக்கெட் மைதான எல்லைக்கோட்டில் வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். பிலாயின் மே மாதம் நிலவு இல்லை என்றாலும் ரொம்பக் குறைச்சலும் இல்லை. வெயிலில் விட்ட கறுப்பு காமிரா கையைச் சுடும். சூடு ஏறினால் கலர் ஃபிலிமின் நிறம் கெடும். குரோமும் சுடும், ஆனால் சற்றுத் தாமதமாக.

மகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவள் நினைக்கும் நியாயம் இல்லாவிட்டாலும். கறுப்பு காமிரா வைத்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது பாரிஸ் தெருவுக்குப் பொருந்தலாம். நம் ஊர்ச் சந்தையில் எந்த நிறக் காமிராவை எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் பத்துப் பையன்கள் வரிசையில் நின்று பல்லைக் காட்டுவார்கள். வித்தியாசம் பெரியவர்களிடம்தான். குரோம் என்றால் ‘தாத்தா காமிராவா?’ என்று சிரிப்பார்கள். கறுப்பு என்றால் ‘எந்தப் பேப்பர்?’ என்பார்கள். பையனாக இருந்தால் முதலாவதை வாங்கு என்பேன். சிரிக்கிற முகம் நல்ல படமாகும். தனியாகத் தெருவில் நின்று வேலை செய்யப்போகும் பெண்ணுக்கு ‘எந்தப் பேப்பர்?’ என்ற கேள்வி ஒரு சின்னக் கவசம். டீக்கடைக் கும்பல் கொஞ்சம் யோசிக்கும். கான்ஸ்டபிளும் யோசிப்பார், ஆனால் அவர் யோசனை வேறு திசையில் போகவும் கூடும்.

ஆகவே ஐயா, மறுபடி டெல்லி போகும்போது நிறத்தை மறந்துவிட்டு ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்; சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நம் மழைக்காலத்தின் பரிசு அது, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பின்கதவைத் திறந்து, கதவு ஓரத்தில் உள்ள கறுப்பு ஸ்பாஞ்சை நகத்தால் தொடுங்கள். தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும், அதற்கு விலையில் குறைக்கச் சொல்லலாம். ஒரு வினாடியில் வைத்து ஷட்டரை ஓட்டி, அது ஒரு வினாடிதானா என்று காதால் கேளுங்கள். ஃபிலிம் நகர்த்தும் நெம்பை லேசாக வெளியே இழுத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால், உள்ளே மீட்டரின் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இதில் எது தேறுகிறதோ அதுதான் உங்கள் நிறம்.

இரண்டுமே தேறினால் என் ஓட்டு குரோமுக்கு. மிச்சமாகும் நாலாயிரத்துக்கு ஃபிலிம் வாங்கலாம். ஊட்டித் தொழிற்சாலை மூடிய பிறகு ஃபிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். படிக்கிற பெண்ணுக்கு முதல் மாதமே நாலைந்து சுருள் வேண்டியிருக்கும். அவளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் நாலாயிரத்தை ஆயிரமாகக் குறைத்தால், பேசாமல் மகள் கட்சியில் சேர்ந்துவிடுங்கள்.