தூங்கும் காருக்கு எந்த பேட்டரி?

எந்த கம்பெனி பேட்டரி நல்லது என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்பேன். கார் வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? தினமும் ஆபீஸ் போய் வருகிற கார் என்றால், சரியான அளவில் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் போதும். மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் வெயில் அடித்தால்தான் வெளியே எடுப்பேன் என்கிற கார் என்றால், எவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கினாலும் எந்த பேட்டரியும் போதாது. அங்கே பேட்டரியைவிட முக்கியம், பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்க வேண்டிய ஐம்பது அறுபது டாலர் சார்ஜர். இது என் கட்சி. எதிர்க்கட்சியில் என் மகன் இருக்கிறான்.

அதென்ன டாலர் கணக்கு என்று கேட்பீர்கள். இந்தக் குளிர்காலத்துக்கு நானும் வீட்டம்மாவும் நியூ ஜெர்சியில் எடிசன் நகரத்தில் மகன் வீட்டில் இருக்கிறோம். அவனிடம் இரண்டு கார். ஒன்று குடும்பக் கார். இன்னொன்று 1994-ம் வருடத்து மாஸ்டா மியாட்டா. இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆசனம். கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்டு, பழைய காராக வாங்கியது. மே முதல் அக்டோபர் வரை நல்ல நாள் பார்த்து ஓட்டுவான். சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்துவிட்டால் தகரம் அரித்துவிடும் என்று கராஜில் போர்வை போர்த்தி நிறுத்திவிடுவான். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஐந்து வருடத்தில் மூன்று பேட்டரி வாங்கியிருக்கிறான், அதில்தான் ஆட்சேபம். ஒவ்வொரு தடவையும் பேட்டரி கம்பெனியைத் திட்டிவிட்டு, அடுத்த தடவை இன்னும் விலை கூடியதாக வாங்குகிறான். இப்போது லித்தியம் பேட்டரி வரைக்கும் வந்துவிட்டான்.

நான் முப்பத்து நாலு வருடம் மின் வாரியத்தில் இருந்தவன். அதில் பெரும்பகுதி சப்ஸ்டேஷன்களில். அதனால் பேட்டரி விஷயத்தில் வாய் சும்மா இருக்காது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காரைப் பூட்டி, சாவியை எடுத்த பிறகும் அது முழுசாகத் தூங்குவதில்லை. ரேடியோவுக்குக் கடிகாரம் ஓட வேண்டும், என்ஜின் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இருக்க வேண்டும், மகன் தனியாகப் பொருத்திய திருட்டு அலாரம் விழித்திருக்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 20 மில்லி ஆம்பியர். இது ஒன்றும் அதிகமில்லை. இன்றைய கார்களில் 50 வரை சாதாரணம் என்றே சொல்வார்கள். ஆனால் 20 மில்லி ஆம்பியர் இருபத்து நாலு மணி நேரம் போனால் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-மணி. மாதத்துக்குப் பதினாலு. மியாட்டாவுக்கு வைக்கிற பேட்டரி சின்னது, முப்பதுக்குச் சற்று மேல் ஆம்பியர்-மணிதான். ஆக ஒரு மாதத்தில் பாதி காலி. நவம்பர் கடைசியில் நிறுத்திய கார் ஜனவரி கடைசிக்குள் செத்துவிடும். இதில் கம்பெனியைத் திட்டி என்ன ஆகப் போகிறது? எந்த கம்பெனி பேட்டரி என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

சரி, காலியானால் மறுபடி சார்ஜ் செய்துகொள்ளலாமே என்றால், அங்கேதான் ஈய-அமில பேட்டரியின் சுபாவம் குறுக்கே வருகிறது. மின்சாரம் வெளியே போகப் போக இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் கரைந்து பழையபடி ஆகிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். அதற்கப்புறம் சார்ஜர் போட்டாலும் முழுசாகக் கரையாது. அந்த அளவுக்கு பேட்டரியின் கொள்ளளவு போனது போனதுதான். ஓடி ஓடித் தேய்ந்து சாகிற பேட்டரியைவிட, அரைகுறை சார்ஜோடு கிடந்து சாகிற பேட்டரிகள்தான் இந்த மாதிரி கார்களில் அதிகம்.

குளிர் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கிற பேட்டரியின் ஆசிட் உறைய மைனஸ் 60 டிகிரி வரை போக வேண்டும். காலியான பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறையும், பெட்டியே விரிசல் விடலாம். இங்கே ஜனவரி இரவில் மைனஸ் 10 என்பது செய்தியே அல்ல.

நம்ம ஊர் சப்ஸ்டேஷன் பேட்டரி ரூமை இங்கே சொல்லியாக வேண்டும். 110 வோல்ட் டி.சி.க்கு, இரண்டு வோல்ட் செல்கள் ஐம்பத்தைந்து வரிசையாக நிற்கும். பிரேக்கரைத் திறக்கவும் ரிலே வேலை செய்யவும் அந்த மின்சாரம் வேண்டும். ஊரே இருட்டானாலும் அது இருக்க வேண்டும். அந்த பேட்டரிக்கு வருடத்தில் உண்மையான வேலை சில மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும். யோசித்துப் பார்த்தால் மகனுடைய மியாட்டாவின் கதையேதான். ஆனால் அந்த செல்கள் பதினைந்து வருடம், அதற்கு மேலும் உழைக்கும். காரணம், அவற்றை ஒருநாளும் காலியாக நிற்க விடுவதில்லை. ஃப்ளோட் சார்ஜ் என்று செல்லுக்கு 2.2 வோல்ட் அளவில் எப்போதும் பிடித்து வைத்திருப்போம். தானாகக் கசிவது எவ்வளவோ அவ்வளவு மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஹைட்ரோமீட்டரோடு போய் ஒப்படர்த்தி பார்த்து, குறைந்த செல்லுக்கு டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, டெர்மினலில் வாசலின் தடவி, ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

கார் பேட்டரிக்கு இதே வேலையைச் செய்யத்தான் மெயின்டெய்னர் என்று ஒரு சின்ன சார்ஜர் கடையில் கிடைக்கிறது. ஒரு ஆம்பியருக்குள்தான் கொடுக்கும். முதலில் முழு சார்ஜுக்குக் கொண்டுபோய், பிறகு தானாக 13.2, 13.5 வோல்ட் பக்கம் இறங்கி அப்படியே பிடித்துக்கொள்ளும். பழைய மாடல் டிரிக்கிள் சார்ஜர் என்று ஒன்று உண்டு, அதை வாங்காதீர்கள். அது வோல்டேஜைப் பார்க்காது. மூன்று மாதம் விட்டால் பேட்டரியை வேக வைத்துத் தண்ணீரை வற்ற வைத்துவிடும். ஃபெராரி கம்பெனி தன் கார்களோடு இப்படி ஒரு மெயின்டெய்னரையும் சேர்த்தே கொடுக்கிறது. அந்த விலைக்குக் கார் விற்கிறவர்களுக்கே பேட்டரியின் மேல் நம்பிக்கை அவ்வளவுதான்.

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணிக் கால் மணி நேரம் ஓட விடறேனேப்பா" என்றான் மகன். இந்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு ஊர் முழுக்க இருக்கிறது, சென்னையிலும்தான். ஸ்டார்ட்டர் மூன்று செகண்டில் இழுப்பது ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்குதான். அது பெரிய விஷயமில்லை. ஆனால் வாரம் முழுக்கத் தூக்கத்தில் போனது மூன்றரை. குளிர்ந்து கிடக்கிற பேட்டரி சார்ஜை வாங்கிக்கொள்ளவே தயங்கும். நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றுகிற என்ஜின் கால் மணி நேரத்தில் அந்தக் கடனை அடைக்காது. கூடவே என்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கு வராமல் உள்ளே ஈரம் தங்கும், சைலன்சரில் தண்ணீர் நிற்கும். ஸ்டார்ட் பண்ணினால் அரை மணி, முக்கால் மணி சாலையில் ஓட்டிவிட்டு வா. இல்லையென்றால் தொடாதே.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்காக. கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதற்கு நேர் மேலே பேத்தி தூங்குகிற அறை. கதவு திறந்துதானே இருக்கிறது என்கிறான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கராஜ் கதவு திறந்திருந்தாலும் அது வீட்டுக்குள் புகும். ஒரு பேட்டரியைக் காப்பாற்ற இந்த விஷப் பரீட்சை தேவையில்லை. இதில் மட்டும் நான் கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே சொல்லி நிறுத்த வைத்தேன்.

இனி, எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். மியாட்டாவில் பேட்டரி முன்பக்கம் இல்லை. எடை சமமாகப் பிரிய வேண்டும் என்று பின்னால் டிக்கியில் வைத்துவிட்டார்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக் கூடியது. எங்கள் பேட்டரி ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவது இதற்காகத்தான். அதனால்தான் மாஸ்டாக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே மூடிய ஏ.ஜி.எம். பேட்டரியை வைத்து, அதிலிருந்து வென்ட் குழாய் போட்டு வாயுவைக் காருக்கு வெளியே விட்டார்கள். ஏ.ஜி.எம். என்றால் ஆசிட் தளும்பாமல் கண்ணாடி நார் விரிப்பில் ஊறியிருக்கும். மகன் ஒரு தடவை மலிவாகக் கிடைத்தது என்று சாதாரண ஆசிட் பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்ததற்கு, டிக்கித் தகரத்தில் பெயின்ட் கொப்பளித்திருப்பதே சாட்சி. டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ பேட்டரி இருக்கிற கார் எதுவானாலும், வென்ட் குழாய் மாட்டக்கூடிய ஏ.ஜி.எம். மட்டும்தான். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று தேதி. இங்கே பல பேட்டரிகளில் மாதத்துக்கு ஒரு எழுத்து, வருடத்துக்கு ஒரு எண் என்று ஒட்டியிருப்பார்கள். முதல் எழுத்து ஜனவரி, அடுத்தது பிப்ரவரி. ஆறு மாதம் அலமாரியில் தூங்கியதை வாங்கி வந்து, நம் வீட்டிலும் தூங்கப் போடுவானேன்?

லித்தியம் பேட்டரிக்கு நான் விரோதி இல்லை. எடை குறைவு, தானாகக் கசிவது மிகக் குறைவு, பந்தயத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் முக்கியம். ஆனால் அலாரம் குடிக்கிற 20 மில்லி ஆம்பியர் லித்தியத்தையும் குடிக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. போர்ஷே கம்பெனி 2010-ல் 911 ஜி.டி.3 போன்ற கார்களுக்கு லித்தியம் பேட்டரியை 1,904 யூரோவுக்கு விற்க ஆரம்பித்தபோது, குளிர்காலத்தில் மாற்றிக்கொள்ள வழக்கமான ஈய பேட்டரியையும் சேர்த்தே கொடுத்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? குளிரில் நாலு மாதம் நிற்கப் போகிற காருக்கு இது வேண்டாத செலவு.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த தாமஸ் ஆல்வா எடிசனும் ஈய பேட்டரியைப் பிடிக்காமல், மின்சாரக் கார்களுக்காக நிக்கல்-இரும்பு பேட்டரி செய்தார். முரட்டு உழைப்பு உழைக்கும். ஆனால் குளிரில் சோர்ந்துவிடும், சும்மா வைத்தாலே வேகமாகக் கசியும். 1912-ல் கேடிலாக் காரில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகு ஈய-அமிலம்தான் பெட்ரோல் காரில் நிலைத்தது. மேதையின் பேட்டரியானாலும் எங்கள் கராஜுக்குச் சரிப்படாது.

கராஜும் பிளக் பாயின்ட்டும் இல்லாதவர்கள் என்ன செய்வது? தெருவிலோ அபார்ட்மென்ட் கீழ்த்தளத்திலோ நிறுத்துகிறவர்கள் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டுத் திருகிவிட்டுப் போகலாம். ரேடியோ ஸ்டேஷன்கள் மறந்துபோகும், என்ஜின் முதல் சில நிமிடம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அலாரம் தூங்கிவிடும். பரவாயில்லை. மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள். ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு 12.7, 12.8 இருந்தால் நிம்மதி. 12.4-க்கு வந்தால் எங்காவது கொண்டுபோய் சார்ஜ் செய்ய வேண்டும். 12 என்றால் ஆபத்து. ஆனால் சில போர்ஷே கார்களில் முன் டிக்கியைத் திறக்கவே மின்சாரம் வேண்டும், பேட்டரி இருப்பதும் அந்த டிக்கிக்குள்தான். அந்த மாதிரிக் கார்க்காரர்கள் ஸ்விட்சைத் திருகி மூடுவதற்கு முன்னால் புத்தகத்தைப் படித்துவிடுவது நல்லது.

வீட்டம்மாவுக்கு வேறு கவலை. "மூணு மாசம் ராப்பகலா கரண்ட்ல சொருகி வெச்சா பத்திக்காதா?" நியாயமான கேள்வி. பாதுகாப்புச் சான்று இருக்கிற சார்ஜராக வாங்க வேண்டும். பேட்டரி பக்கத்து ஒயரில் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஏ.ஜி.எம்.முக்கு உரிய நிலையில் வைக்க வேண்டும். போர்வையின் மேல் சார்ஜரை வைக்காமல் சுவரில் மாட்ட வேண்டும். ஃப்ளோட்டில் அது இழுக்கிற மின்சாரம் ஒரு சின்ன இரவு விளக்கு அளவுதான். "ஓட்டாத காரை வித்துத் தொலைச்சா சார்ஜரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்" என்றும் சொன்னாள். அந்த விவாதத்தில் நான் மகன் பக்கம். வருடத்துக்கு நாற்பது நாள் ஓட்டினாலும் அந்த நாற்பது நாளும் அவன் முகம் எப்படி இருக்கும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

லித்தியம் யோசனை இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டது. குழாயோடு ஏ.ஜி.எம். வந்து, செத்த பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்து டெபாசிட் பணமும் வாங்கியாயிற்று. சார்ஜர் ஒயரை டிக்கி ரப்பர் ஓரமாகவே வெளியே கொண்டுவந்தோம், மூடி நன்றாகச் சாத்துகிறது. பழக்க தோஷம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரா வாரம் வோல்டேஜ் எழுதி வருகிறேன். நேற்று 13.3. ஏப்ரலில் ஊர் திரும்புவதற்குள் சாலை உப்பு மழையில் கழுவிப் போய்விட்டால் என்னை ஒரு சுற்று அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். ஏறுவது பிரச்னையில்லை. அவ்வளவு தாழ்வான காரிலிருந்து இறங்க முழங்கால் சம்மதிக்க வேண்டும்.