மருமகனுக்கு ஒரு நியாயம், ஆட்டக்காரனுக்கு ஒரு நியாயமா?

எண்ணூரில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி மேல் திருட்டுப் புகார் வந்தால் என்ன ஆகும்? மறுநாளே கேட் பாஸ் போச்சு. விசாரணை எல்லாம் அப்புறம்தான். கிரிக்கெட்டிலும் அதே கதைதான் மக்களே!

2013 மே மாதம் ஸ்பாட் பிக்சிங் புகாரில் ஸ்ரீசாந்த் உள்பட மூன்று ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் கைது. உடனே சஸ்பெண்ட். அதே மாதம் சூதாட்டப் புகாரில் குருநாத் மெய்யப்பன் கைது. கிரிக்கெட் வாரியத் தலைவர் சீனிவாசனின் மருமகன். அதுவரை சென்னை சூப்பர் கிங்ஸின் முகமாக வலம் வந்தவர், புகார் எழுந்ததும் வெறும் கௌரவ உறுப்பினர் ஆகிவிட்டார்!

2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அவர் அணி நிர்வாகிதான், சூதாடியதும் உண்மைதான் என்றது. ஜூலையில் லோதா குழு அவருக்கு ஆயுள் தடையும், இரு அணிகளுக்கும் 2 ஆண்டுத் தடையும் விதித்தது. அதே ஜூலையில் ஸ்ரீசாந்தை டெல்லி நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் வாரியத்தின் ஆயுள் தடை 2019 வரை அவரை விடவில்லை.

நம் ரசிகர்கள்? 'எல்லாம் சதி' என்றார்கள். 2018-ல் அணி திரும்பியதும் விசில் பறந்தது.

விசில் அடிப்பது தப்பில்லை. ஆனால் புகார் என்று வந்தால் சட்டையின் நிறத்தையும் பார்க்காதீர்கள், சொந்தபந்தத்தையும் பார்க்காதீர்கள். தினமும் கேட் பாஸோடு வேலைக்குப் போகிற திருவொற்றியூருக்கும் ராயபுரத்துக்குமா இதைச் சொல்லித்தர வேண்டும்?