எருக்கை வெட்டிவிட்டு ஆப்பிரிக்காவுக்கு ஹார்ட் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் இருந்ததுபோல் கடைசிவரை இருங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், தான்சானியாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தான் எடுத்த பட்டாம்பூச்சிப் படங்களைப் போட்டிருந்தார். அருமையான படங்கள். ஒன்று ஆரஞ்சுச் சிறகு. முன்சிறகின் நுனி கறுப்பு, அதன் நடுவே வெள்ளைப் பட்டை. ஆளாளுக்கு ஹார்ட் போட்டீர்கள். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க சார் இருக்கு?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார்.

இருக்கிறது. சிங்கம்புணரியிலேயே இருக்கிறது. அங்கே அதற்கு 'ஆப்பிரிக்கன் மோனார்க்' என்று பெயர், இங்கே 'ப்ளெயின் டைகர்', தமிழில் வெந்தய வரியன். மூன்றும் ஒரே இனம்தான். 1758-இல் லின்னேயஸ் அறிவியல் பெயரிட்டுப் பதிவு செய்தது. எகிப்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைச் சுவரிலேயே இதை வரைந்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய புகழுள்ள பூச்சி, நம் பாலாற்றங்கரை எருக்கஞ்செடியில் முட்டையிடுகிறது. பார்க்க நமக்குத்தான் நேரமில்லை.

பார்க்காதது கூடப் பரவாயில்லை, அழிக்கிறோமே! போன மாதம் எங்கள் தெருவில் ஒரு காலி மனையை "சுத்தம்" செய்தார்கள். எருக்கு முழுவதும் மருந்தடித்துக் கருகிப்போனது. அந்தச் செடிகளில் என் பேத்தி தினமும் எண்ணிவந்த பதினொரு புழுக்களும் போயின. மனைக்காரரும் என்னிடம் படித்தவர்தான். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தான்சானியா படத்துக்கு அவரும் ஹார்ட் போட்டிருக்கிறார்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"புதர் இருந்தால் கொசு வரும், டெங்கு வரும்." டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்: மாடித் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. கயிறு திரிக்கும் ஊர்க்காரர்களுக்குச் சிரட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? அதைக் கவிழ்த்து வையுங்கள். எருக்கை விடுங்கள்.

"கம்பளிப்பூச்சி, பிள்ளைகளுக்கு அரிக்கும்." இந்தப் புழுவுக்குச் சுணை ரோமமே கிடையாது. கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு வழவழப்பாக இருக்கும். முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள், அவ்வளவுதான். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பது உண்மை. அதற்குக் கை கழுவச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

"வீட்டுப் பக்கம் எருக்கு முளைத்தால் குடும்பம் விளங்காது." அப்படியானால் பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையைத் தேடி அலைவது ஏன்?

அந்த நச்சுப் பால்தான் இந்தப் பூச்சியின் காப்பு. புழு இலையைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. தின்ற பறவை குமட்டித் துப்பும், மறுமுறை அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே விலகும். டனாயிட் எக்ஃப்ளை என்று இன்னொரு பட்டாம்பூச்சி உண்டு. அதன் பெண் அச்சாக இதைப்போலவே வேஷம் போட்டுத் தப்பிக்கிறது. ஆணோ கறுப்பில் வெள்ளைப் பொட்டுகளோடு வேறு ஜாதிபோல இருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலிலேயே இடம்பெற்ற இனம் அது. அதன் புழு தின்பது பருப்புக்கீரை வகைச் செடிகளை. அதையும் களை என்றுதான் பிடுங்குகிறோம். இந்தப் பாடத்துக்கு ஸ்மார்ட் கிளாஸ் வேண்டாம், ஒரு வேலியோரம் போதும்.

நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ கடையில் ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கி ஒட்டும் சார்ட் படம். மாநிலப் பட்டாம்பூச்சி எது என்றால் "தமிழ் மறவன், 2019" என்று டக்கென்று சொல்வார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் புழு எதுவாகும் என்றால் விழிப்பார்கள். ஸ்ரீரங்கம் பக்கம் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறீர்கள், நல்லது. ஆனால் அங்கே செய்திருப்பதும் புழு தின்னும் செடிகளை வளர்த்ததுதான்.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசையாமல் இருக்கவேண்டும் என்று பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது கொடுமை. காலை வெயிலில் சிறகு விரித்துக் காயும்போது, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாகப் போங்கள். செல்போனே போதும். சிறகின் மேல்பக்கம், அடிப்பக்கம், உட்கார்ந்த செடி மூன்றையும் எடுத்து, ஊரும் தேதியும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட்டில் போடுங்கள். தேதியும் இடமும் இல்லாத படம் வெறும் காலை வணக்கப் படம்தான்.

ஊராக முடிவெடுத்தால் முடியும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம். வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். அவர்கள் பட்டாசையே விட்டார்கள். உங்களிடம் நான் கேட்பது மனை மூலையில் நாலு எருக்கு. வீடு கட்டும் நாள் வரும்போது வெட்டிக்கொள்ளுங்கள். அதுவரை மருந்தடிக்காதீர்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஹார்ட் மட்டும் போட்டுவிட்டுப் போகவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சார்
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர், சிங்கம்புணரி