‘கூட’ என்னும் சொல்

2018ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் நம் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வாகை சூடியபோது, அறந்தாங்கிப் பகுதியினராகிய நாமும் பெருமகிழ்வு கொண்டோம். ஆயின், அந்நாள்களில் நம் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலித்த பாராட்டொன்று நம் நெஞ்சை உறுத்தியது: ‘கிராமத்து ஆள்கூட ஜெயிச்சிட்டாரே!’

இந்தக் ‘கூட’ எங்கிருந்து வந்தது? செந்தில் கணேஷும் அவர்தம் துணைவியார் ராஜலட்சுமியும் அம்மேடைக்கு வருமுன்னரே பல்லாண்டுகள் ஊர் ஊராகப் பாடி வந்தவர்கள். மண்தரையில் அமர்ந்து கேட்ட மக்கள் அவர்களுடைய குரலுக்காகவே அமர்ந்திருந்தார்கள். அக்குரல் 2018இல் பிறந்ததன்று. நகரத்துக் கண்ணுக்கு அவ்வாண்டில் தென்பட்டது, அவ்வளவே. இதனைக் ‘கண்டுபிடிப்பு’ என்று விளம்பரம் செய்வது, ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டைக் கொலம்பசு கண்டுபிடித்தார் என்பதைப் போன்றது.

நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2009 ஏப்ரலில் பிரித்தானியத் தொலைக்காட்சி மேடையில் சூசன் பாயில் என்னும் 47 வயதுப் பெண்மணி ஏறினார். ஸ்காட்லாந்தில் தம் பங்கு ஆலயத்தில் தொண்டாற்றிவந்த கத்தோலிக்கர் அவர். அவருடைய தோற்றத்தையும் ஆடையையும் கண்டு அரங்கம் நகைத்தது. அவர் பாடத் தொடங்கியதும் அதே அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. உலகமே கண்ணீர் மல்கிய காட்சி என்று அதனைப் போற்றுகின்றனர். நாம் போற்ற இயலவில்லை. அழகற்றவருக்குப் பாட வராது என்று முன்கூட்டியே தீர்ப்பளித்தவர்க்கன்றோ வியப்பு பிறக்கும்! அவ்வாண்டு இறுதிச்சுற்றில் இரண்டாமிடம் பெற்ற அவர், மறுநாளே களைப்பு மேலிட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

முகத்தோடு இனமும் சேரும்போது நகைப்பு நெருப்பாகிறது. 2007இல் ‘இந்தியன் ஐடல்’ பட்டத்தை வென்ற பிரசாந்த் தமாங், டார்ஜிலிங்கைச் சேர்ந்த கூர்க்கா இளைஞர். கொல்கத்தா காவல்துறையில் காவலர். கூர்க்காக்கள் பாட வந்துவிட்டால் வீடுகளுக்குக் காவல் காப்பது யார் என்னும் பொருள்பட தில்லி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கேலி பேசினார். அதே செப்டம்பரில் சிலிகுரியில் கண்டனம் கலவரமாகி, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, இராணுவம் அழைக்கப்பட்டது. ஒரு பாட்டுப் போட்டிக்காக! குறுஞ்செய்தி வாக்கு என்னும் ஏற்பாடு இனப்பற்றைத் தூண்டிக் காசாக்கியது. இனப்பழிப்பு வந்தபோது அடிபட்டவர்கள் தெருவில் நின்ற எளியவர்களே.

ஏழைக்கு இப்போட்டிகள் கதவைத் திறக்கின்றனவே என்பார் சிலர். ஓரளவு உண்மைதான், செந்தில் கணேஷே சான்று. எனினும் கதவைத் திறப்போர் கேட்கும் கட்டணத்தை நோக்குக. பாடகரின் ஓட்டுவீடு, தாயின் கண்ணீர், தந்தையின் கடன் யாவும் படமாக்கப்பட வேண்டும். வசதியுள்ள வீட்டுச் சிவந்த பிள்ளைக்கு ஒரு பாட்டுப் போதும். கறுத்த பிள்ளையோ பாட்டோடு தன் துயரத்தையும் விற்றாக வேண்டும். இடைவேளையிலோ முகக்களிம்பு விளம்பரம். 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயரை மாற்றிக்கொண்டது. நம் பெண்பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டதை எந்தப் பெயர் மாற்றம் அழிக்கும்?

அழகு பாவமன்று. ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைக் கண்டு மயங்கிய சாமுவேலைக் கடவுள் திருத்தினார். ஆயினும் பின்னர் வந்த தாவீதும் அழகன் என்றே விவிலியம் ஒளிவின்றிச் சொல்கிறது. முகத்தைக் கண்டு குரலுக்கு விலை குறிப்பதே நாம் எதிர்ப்பது.

இவ்விலை குறித்தல் தொலைக்காட்சியோடு நிற்கவில்லை. கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் முறையைப் பல பங்குகளில் காண்கிறோம். சிவந்த சிறுமி மரியா. சுருட்டை முடிச் சிவப்புச் சிறுவன் வானதூதர். கறுத்தவன் ஏரோதின் படைவீரன். வசனம் யாருக்கு நன்றாக வருகிறது என்று கேட்பாரில்லை. மரியா நாசரேத்து ஊர்ப் பெண். வெயிலில் நீர் சுமந்தவர். வரும் திசம்பரில் நாடகம் பயிற்றுவிக்கும் ஆசிரியைகள் முதல் நாளன்று பிள்ளைகளைத் திரைக்குப் பின்னே நிறுத்தி, வசனத்தை மட்டும் கேட்டுத் தெரிவு செய்யட்டும்.