தின்டின் எலும்பில் என்ன மாறியது?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், டல்லாஸில் இருக்கும் தங்கை மகன் ஒரு வண்ண வட்டத்தைப் போட்டான். குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினானாம்; டாலர் வாங்கிக்கொண்டு அவன் யார் என்று அவனுக்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் தென்னிந்தியா, இலங்கை. அம்பாசமுத்திரத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பேரனாக இருந்தால் வேறு எது வரும்? மிச்சத்தில் கொஞ்சம் மத்திய ஆசியா. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் குழு முழுக்கப் பூங்கொத்து, பட்டாசு. "நமக்குள்ள ஆரிய ரத்தமும் ஓடுது மாமா" என்று எனக்குத் தனியாக வேறு ஒரு செய்தி.

நான் ஏதோ முனகப்போக, ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியரான எங்கள் பெரிய அத்தான் தீர்ப்பு எழுதிவிட்டார். "இனம்கிறது உடம்புல இருக்கு மாப்ளே. இல்லங்கிறதெல்லாம் அரசியல் பேச்சு. எலும்பப் பாத்தாலே தெரியும்லா."

எச்சில் வியாபாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2019இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, அச்சில் வார்த்ததுபோன்ற இரட்டைச் சகோதரிகளின் எச்சிலை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பியது. நிறுவனத்துக்கு நிறுவனம் பூர்வீகம் மாறியது. ஒரே நிறுவனம் இரண்டு சகோதரிகளுக்கும் வேறு வேறு கணக்குக் கொடுத்த கூத்தும் நடந்தது. அந்த வட்டம் சொல்வது, உங்கள் மரபணு அவர்கள் கையிருப்பில் உள்ள யாருடைய மாதிரிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும். கையிருப்பு கூடினால் வட்டம் மாறும், தாத்தாக்கள் இடம்பெயர்வார்கள்.

எலும்புக்கு வருவோம். அத்தானுக்கு என்னிடம் ஒரே பதில்தான். அதன் பெயர் பகத் சிங் தின்ட்.

1892இல் பஞ்சாபில் பிறந்தவர். 1913இல் அமெரிக்கா போனார். ஓரிகான் மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்தார். தலைப்பாகையைக் கழற்றாமலே சேர்ந்தார். 1918 டிசம்பரில் குடியுரிமை கொடுத்தார்கள். நான்கே நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். 1920இல் ஓரிகான் நீதிமன்றம் திரும்பவும் கொடுத்தது. அரசாங்கம் விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது.

அங்கே சட்டம் அப்படி. 1790 முதல் சுதந்திரமான வெள்ளையருக்குத்தான் குடியுரிமை. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டிய ஆசியக்காரன் கோர்ட்டுக்குப் போய், தான் வெள்ளை என்றோ கறுப்பு என்றோ நிரூபிக்க வேண்டும். கறுப்பு என்று வாதாட அநேகமாக யாரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று விளக்க வேண்டுமா?

தின்டுக்குச் சில மாதம் முன்னால் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர் போனார். இருபது வருடமாக அங்கே வாழ்ந்தவர், பெர்க்லியில் படித்தவர். என் தோலைப் பாருங்கள், உங்களில் பலரைவிட வெளுப்பு என்றார். 1922 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. தோல் நிறம் கணக்கில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார், நீ காக்கேசியன் இல்லை என்றது. எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட். (இவரே இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர். அவர் மண்டையை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.)

தின்ட் தரப்புக்குக் குஷி. அக்கால அறிஞர்களின் புத்தகப்படி வட இந்தியர் காக்கேசியர். காக்கேசியர் என்றால் வெள்ளையர் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகென்ன? 1923 பிப்ரவரி 19 அன்று அதே சதர்லண்ட், அதே நீதிமன்றம், ஒருமனதான தீர்ப்பு: அறிஞர்கள் சொல்வது இருக்கட்டும், சாதாரண வெள்ளைக்காரன் தெருவில் யாரை வெள்ளை என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளை. தின்ட் காக்கேசியராக இருக்கலாம், வெள்ளையர் இல்லை.

ஒசாவாவை விரட்ட அறிவியல். தின்டை விரட்டத் தெருப்பேச்சு. இடையில் மூன்று மாதம். விலங்கியல் படித்த அத்தானைக் கேட்கிறேன், அந்த மூன்று மாதத்தில் தின்டின் எலும்பில் என்ன மாறியது?

இந்தக் காக்கேசியன் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ப்ளூமன்பாக் என்ற பேராசிரியர் மண்டையோடுகள் சேகரித்துவந்தார். அதில் ஜார்ஜியப் பெண் ஒருத்தியின் மண்டையோடு அவருக்கு அழகாகப் பட்டது. அதனால் 1795இல் ஐரோப்பியருக்கெல்லாம் காக்கசஸ் மலையின் பெயரை வைத்தார். மனிதருக்கு ஐந்து இனம் என்று பங்கும் போட்டார். அவருக்கு முன்னால் லின்னேயஸ் நான்கு என்றார். பின்னால் வந்தவர்கள் மூன்று என்றும் முப்பதுக்கு மேல் என்றும் எண்ணினார்கள். உடம்பில் கண்கூடாக இருக்கிற பொருளை எண்ணுவதற்கு இத்தனை பேருக்கு ஏன் இத்தனை தகராறு?

தின்ட் தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்து அதைப் பறிக்க ஆரம்பித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். நாடற்றவராக்கப்பட்டார். இந்தியா வந்துபோகப் பாஸ்போர்ட்டும் கிடைக்கவில்லை. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். இனம் என்பது சமூகம் கட்டிய கட்டுமானம் என்று சொன்னால் "அப்போ அது பொய்யா?" என்று சிரிக்கிறார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதன் கட்டிய சுவர் இடிந்து விழுந்தாலும் ஆள் சாவான்.

அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கு இன்னும் வேடிக்கை. 1930இலும் 1940இலும் இந்தியருக்கு இனம் என்ற கட்டத்தில் ‘இந்து’ என்று எழுதினார்கள். சீக்கியருக்கும் முஸ்லிமுக்கும் அதேதான். 1970இல் அதே இந்தியர் வெள்ளையர். 1980இல் ‘ஆசிய இந்தியர்’. கடைசி மாற்றத்தைக் கேட்டு வாங்கியது இந்தியச் சங்கத்தினரே. சிறுபான்மையினருக்கான சலுகை கிடைக்கும் அல்லவா? வெள்ளை என்று எழுதிக்கொள் என ஒரு தலைமுறை கோர்ட் படி ஏறியது, வெள்ளை என்று எழுதாதே என இன்னொரு தலைமுறை வாஷிங்டனில் மனுக் கொடுத்தது. எலும்பு பாவம், அதே எலும்பு.

மரபணுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? 1972இலேயே ரிச்சர்ட் லெவோன்டின் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். மனிதருக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கிறது. பெரிய இனங்கள் என்கிறோமே, அவற்றுக்கு இடையே உள்ளது ஆறேழு சதவீதம். ஆப்பிரிக்காவுக்குள் இருக்கும் அளவுக்கு மரபணு வகைமை மற்ற எந்தக் கண்டத்திலும் கிடையாது. ஆப்பிரிக்கரையெல்லாம் அள்ளிக் ‘கறுப்பர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்கிறோம். தோல் வெளுப்புக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றான எஸ்எல்சி24ஏ5இன் ‘ஐரோப்பிய’ வடிவம் தென்னிந்தியரிடமும் இருக்கிறது. அதற்காக நம்மை யாரும் ஐரோப்பியர் என்று சொல்லிவிடப் போவதில்லை.

உடனே மருத்துவத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிக்கிள் செல் ரத்தசோகை கறுப்பர் வியாதிதானே? 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டார்கள். கிரேக்கத்திலும் உண்டு. மலேரியா கொசு காலங்காலமாகக் கடித்த பல இடங்களில் உண்டு. கொசு இனம் பார்த்துக் கடிக்கவில்லை.

இன்னொரு கொடுமை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தின் கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையைக் கூட்டிப் போடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. 2009இன் சூத்திரத்தில் சுமார் 16 சதவீதம் கூடும். அளவு 20க்கு இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் காத்திருப்புக் காலம் தொடங்கும். ஆகவே கறுப்பர்கள் காகிதத்தில் ஆரோக்கியமாகி, வரிசைக்கு வெளியே நின்றார்கள். அப்பா கறுப்பர், அம்மா வெள்ளை என்றால் பாதி கூட்டுவதா? சூத்திரத்தில் அதற்கு இடமில்லை. 2021இல்தான் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இந்தக் கூட்டலைக் கைவிடச் சொன்னன. உடம்பில் இனம் இருக்கிறது என்ற நம்பிக்கை சும்மா இருப்பதில்லை அத்தான், அது சிறுநீரகத்தைத் தட்டிப்பறிக்கும்.

தின்ட் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அவர் தரப்பு என்ன வாதாடியது? நான் உயர்சாதி, தூய ஆரிய ரத்தம். அமெரிக்கர் நீக்ரோவைப் பார்க்கிற கண்ணோடுதான் எங்கள் உயர்சாதியார் இந்தியப் பூர்வகுடிகளைப் பார்க்கிறார்கள். கடல் தாண்டியும் சாதியை மடியில் கட்டிக்கொண்டு போய் நீதிபதியிடம் சான்றாக நீட்டினார்கள். சாதி விதிகள் ரத்தக் கலப்பை முழுதாகத் தடுத்துவிடவில்லை என்று நீதிபதி அதை ஒதுக்கித் தள்ளினார். தங்கை மகனின் மத்திய ஆசியப் பெருமைக்கும் இதற்கும் சொந்தம் உண்டு என்று நான் எழுதியதால்தான் குழுவில் எனக்குக் கெட்ட பெயர்.

இந்த வியாதிக்கு இங்கேயே ஆய்வகம் இருந்தது. ரிஸ்லி என்ற வெள்ளை அதிகாரி, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி தாழும் என்று விதி எழுதினார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக நம் மூக்குகளைத் தேடி அலைந்து, 1909இல் ஏழு தொகுதி போட்டார். அப்படிச் சேர்த்த மூக்குக் கணக்குகளையே அம்பேத்கர் 1948இல் எடுத்துத் திருப்பிப் போட்டு, பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்று காட்டினார். சாதியை விஞ்ஞானமாக்க எடுத்த அளவு சாதிக்கு எதிராகவே சாட்சி சொன்னது. நாம் என்ன கற்றுக்கொண்டோம்? 2020இல் ஒரு களிம்பின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. குழாய்க்குள் இருப்பதை வாங்கும் ஆசை அப்படியே இருக்கிறது. படித்த பையன், அமெரிக்க வேலை, சாதி தடையில்லை என்று தாராளமாகத் தொடங்கும் வரன் விளம்பரத்தில், பெண் மட்டும் சிவந்த நிறமாக வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படிவத்தில் இனம் கேட்டால் குறி போடச் சொல்லுங்கள். யாருக்கு வேலை மறுக்கப்படுகிறது, யாருக்குச் சிகிச்சை தாமதமாகிறது என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும். அதே பிள்ளைகளுக்கு இங்கே பெண் தேடும்போது, விளம்பரத்தில் ‘சிவந்த’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் சொல்லுக்குச் சொல் காசு வாங்குகிறார்கள், அதுவாவது மிச்சமாகட்டும்.